பில்டு சிவப்பானால் நெட்டைக் குறை சொல்லாதீர்கள்

கோத்தகிரியில் இருந்து மென்பொருள் எழுதுகிற எங்களுக்கு எது நின்றாலும் முதலில் நெட் மேல்தான் சந்தேகம். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து கேபிள் அறுந்து, இரண்டு நாள் போனே வேலை செய்யாமல் இருந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் நாம் எழுதிய நிரலைத் தானாகச் சோதித்து உருவாக்கும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் சேவையில் பில்டு தோற்றுச் சிவப்பாகும்போதும் அதையே சொல்வதுதான் நான் பார்க்கிற முதல் தவறு. புஷ், அதாவது நாம் அனுப்பும் நிரல், போய்ச் சேர்ந்த பிறகு கோடு ஓடுவது கிட்ஹப்பின் சர்வரில். நம் ஊர் மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

2025 ஏப்ரலில் உபுண்டு 20.04 ரன்னரை (ஜாப்கள், அதாவது பில்டின் வேலைகள், ஓடும் மெஷின்) கிட்ஹப் நீக்கியது. அதற்கு முந்தைய வாரங்களில், அறிவித்த நாட்களில் சில மணி நேரம் மட்டும் அந்த ஜாப்களை வேண்டுமென்றே தோற்க வைத்தார்கள், பயன்படுத்துகிறவர்கள் விழித்துக்கொள்ளட்டும் என்று. சிறு விவசாயிகளின் பச்சை இலை எடையைக் கணக்கு வைக்கும் செயலி ஒன்றை நாங்கள் பராமரிக்கிறோம். அதன் பில்டும் அப்படி ஒரு நாள் சிவப்பானது. "அண்ணா, நெட் பிரச்சினை போல. மறுபடி ரன் கொடுத்தேன், பாஸ் ஆயிடுச்சு" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. நானும் சரி என்று விட்டுவிட்டேன். பில்டின் பக்கத்தைத் திறந்து எரர் செய்தியைப் படித்திருந்தால் காரணம் அங்கேயே இருந்திருக்கும். மறு ரன் கொடுக்கும் முன் எரர் செய்தியையும் லாக்கையும் (ஓட்டப் பதிவு) படியுங்கள்.

ரன்னரின் பெயராக 'உபுண்டு-லேட்டஸ்ட்' என்று எழுதி வைப்பதும் இதே வகைதான். 2025 ஜனவரிக்குள் அது 24.04-க்கு மாறிவிட்டது. சிஸ்டம் பைத்தானில் நேரடியாக பிப் மூலம் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்துகொண்டிருந்தவர்களுக்கு அங்கே எரர் வரும். பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால், மாறும் நாளை நாமே முடிவு செய்யலாம்.

சிவப்பைவிட எனக்குப் பயம் பொய்யான பச்சை டிக் மேல்தான். ஜாப் உருவாக்கும் ஃபைல்களைச் சேமிக்கும் ஆர்ட்டிஃபாக்ட் அப்லோடின் 3-ஆம் பதிப்பு 2025 ஜனவரி 30-உடன் நின்றது. எண்ணை 4 என்று மாற்றினால் போதும் என்று பலர் நினைத்தார்கள். பழையதில் நான்கு மேட்ரிக்ஸ் ஜாப்கள் (ஒரே ஜாப்பை வெவ்வேறு மதிப்புகளில் ஓட்டுவது) ஒரே பெயரில் அப்லோடு செய்தால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். புதியதில் இரண்டாவது ஜாப் எரர் அடிக்கும். பெயரோடு மேட்ரிக்ஸ் மதிப்பைச் சேர்த்துவிட்டு, டவுன்லோடின்போது ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். எரர் என்பதால் இது கண்ணில் படும். படாதது இன்னொன்று. 2024 செப்டம்பரிலிருந்து, புள்ளியில் தொடங்கும் மறை ஃபைல்களை அது தானாக எடுப்பதில்லை. டெஸ்ட் நிரலில் எவ்வளவு பகுதியைத் தொட்டது எனப் பதியும் பைத்தானின் '.கவரேஜ்' ஃபைல் அப்படிப்பட்டதுதான். ஃபைல் எதுவும் கிடைக்கவில்லை என்று மஞ்சள் நிறத்தில் ஒரு வார்னிங் மட்டும் வரும், ஜாப் பச்சையாகவே முடியும். மறை ஃபைலையும் சேர்க்கும் அமைப்பை ஆன் செய்யுங்கள். ஃபைல் இல்லாவிட்டால் எரர் என்றும் வைத்துவிடுங்கள்.

அடுத்தவர் எழுதிய ஆக்ஷனை (பில்டில் சேர்த்துக்கொள்ளும் தயார் நிரல்) டேக் பெயரால், அதாவது பதிப்புப் பெயரால், அழைப்பது இன்னும் ஆபத்து. 2025 மார்ச்சில் 'டிஜே-ஆக்ஷன்ஸ்' குழுவின் ஆக்ஷன் ஒன்றில் ஊடுருவியவர்கள் பழைய டேக்குகளையே தீய கமிட்டுக்கு (நிரல் மாற்றத்துக்கு) திருப்பிவிட்டார்கள். ரகசியச் சாவிகள் லாக்கில் கொட்டின. 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் (நிரல் கிடங்குகள்) அதைப் பயன்படுத்தி வந்தன. ரெப்போவில் எழுதும் உரிமை கிடைத்தவர் டேக்கை நகர்த்தலாம், கமிட்டின் அடையாளமான 40 எழுத்து ஹேஷை நகர்த்த முடியாது. ஹேஷைப் போடுங்கள், புதுப்பிப்பை கிட்ஹப்பின் டிபெண்டபாட் கருவி கவனிக்கட்டும்.

நெட்டும் கரண்டும் நிஜமாகவே காரணமாகும் இடம் ஒன்று உண்டு: வீட்டில் வைத்திருக்கும் சொந்த ரன்னர். அது ஆஃப்லைனில் இருந்தால் ஜாப் 24 மணி நேரம் வரிசையில் காத்திருந்துவிட்டுத் தோற்கும். டேட்டாவை மிச்சம் பிடிக்க ஆட்டோ அப்டேட்டை நிறுத்தியவர்கள், புதிய பதிப்பு வந்த 30 நாளுக்குள் கையால் புதுப்பிக்காவிட்டால் ஜாப் வருவதே நின்றுவிடும். பப்ளிக் ரெப்போவுக்கு அந்த ரன்னரை இணைக்கவே வேண்டாம். ஃபோர்க் (நகல்) செய்து புல் ரிக்வெஸ்ட் (மாற்றக் கோரிக்கை) அனுப்பும் முன்பின் தெரியாத ஒருவரின் கோடு உங்கள் வீட்டு மெஷினில் ஓடிவிடக்கூடும்.