பிசினஸ் கேஷுவல் ஆபிஸில் சேரும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு ஆண்டும் படிப்பை முடித்த கையோடு எங்கள் ஆபிஸில் சேரும் பெண்களை முதல் நாள் வரவேற்று இடம் காட்டுவது என் பொறுப்பு. கோலாலம்பூரில் பங்சார் சவுத் பக்கம் ஆபிஸ். ஆஃபர் லெட்டரில் உடையைப் பற்றி ‘பிசினஸ் கேஷுவல்’ என்று ஒரே வரிதான் இருக்கும், அதாவது கோட்டு சூட்டு அளவுக்கு வேண்டாம், வீட்டில் இருப்பதுபோலவும் வராதே என்று. ஆள் மாறுகிறார்கள், தவறு மாறுவதில்லை. எங்கள் காலத்தில் நடந்ததுதான் இன்றும் நடக்கிறது. கசங்கிய சட்டை, கிழிசல் ஜீன்ஸ், ஜப்பான் சிலிப்பர் கூடாது என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதெல்லாம் தெரிந்தவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு.

சேரும் முன்பே பிளேசர் வாங்கிக் குவிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

செந்தூலில் இருந்து வரும் ஒரு பெண். வேலைக்குச் சேரும் முன்பே பேரங்காடியில் மூன்று செட் பிளேசரும் அதற்குப் பொருத்தமான காற்சட்டையும் வாங்கிவிட்டாள். 900 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கும் நாட்டில் இது சின்னத் தொகையா? முதல் நாள் காலை முகமெல்லாம் சிவந்து, நெற்றி நனைந்து வந்து நின்றாள். “என்னம்மா, காய்ச்சலா?” என்றேன். “இல்லக்கா, மஸ்ஜிட் ஜாமேக் ஸ்டேஷன்ல ரயில் மாறி ஏறுறதுக்குள்ளயே வேர்த்துக் கொட்டிருச்சு” என்றாள். உள்ளே பார்த்தால் அவளுடைய குழுவில் பாதிப் பேர் போலோ சட்டை, மேலதிகாரி அம்மா சாதாரண பருத்தி பிளவுஸ்.

திருப்பிக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கடையில் வாங்கிய அன்றே காற்சட்டையின் நீளத்தை வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். வெட்டிய துணியை எந்தக் கடை திரும்ப வாங்கும்? பணம் போனது இப்படித்தான்.

பிளேசரின் வெளித்துணியை மட்டும் தொட்டுப் பார்த்து வாங்குகிறோம். உள்ளே லேபிளைத் திருப்பிப் பாருங்கள், உள்துணி (லைனிங்) பெரும்பாலும் முழு பாலியெஸ்டராக இருக்கும். பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீத ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. காலையிலேயே காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும் கோலாலம்பூரில், எல்ஆர்டி ரயில் நெரிசலில், வேர்வை போக வழியில்லாமல் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வாடை இன்னொரு தொல்லை. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 2014-இல் உடற்பயிற்சி செய்தவர்களின் சட்டைகளை ஆராய்ந்தபோது, பருத்தியைவிட பாலியெஸ்டரில்தான் துர்நாற்றம் அதிகம் என்று கண்டார்கள். வாடையை உண்டாக்கும் ஒருவகை நுண்ணுயிர் அந்தத் துணியில் நன்றாக வளர்கிறதாம். டி-சட்டை என்றால் தினமும் துவைக்கலாம். பிளேசரை யார் தினமும் துவைக்கிறார்கள்? ட்ரை கிளீனுக்குப் போடச் சோம்பல் பட்டு ஒரு வாரம் ஓட்டுவோம்.

அதற்காக பிளேசரே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆபிஸுக்குள்ளே வேறு பருவம். வேலையிடக் காற்றின் தரத்துக்காக 2010-இல் வந்த மலேசிய வழிகாட்டி வெப்பநிலை 23 முதல் 26 டிகிரி வரை இருக்கலாம் என்கிறது. ஆனால் ஏர்கோனுக்கு நேர் கீழே உட்காருகிறவருக்கு மதியம் கை விறைத்துவிடும். ஆக, ஒரே ஒரு பிளேசர், உள்துணி இல்லாததாக, மெல்லியதாக. அதை நாற்காலி முதுகில் மாட்டி ஆபிஸிலேயே விட்டுவிடுங்கள். ரயிலில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

முதல் நாளுக்குக் கருநிறக் காற்சட்டை, கை வைத்த பிளவுஸ், மூடிய காலணி போதும். எந்த ஆபிஸிலும் தப்பாகப் படாது. முதல் வாரம் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள், அப்போது மஸ்ஜிட் இந்தியா துணிக்கடைகளில் பருத்தியோ விஸ்கோஸோ எடுத்துத் தைக்கக்கூட நேரம் இருக்கும். அதற்கு முன்பே தெரிய வேண்டும் என்றால் எச்ஆருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பி, வாடிக்கையாளரைச் சந்திக்கும் நாளில் என்ன, மற்ற நாளில் என்ன என்று கேளுங்கள். லிங்க்ட்இன் படங்களை நம்பாதீர்கள், அவை பெரும்பாலும் விருந்து நாளில் எடுத்தவை. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவரை விட்டுவிட்டு லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்களைக் கவனியுங்கள்.

தீபாவளிக்குத் தைத்த பஞ்சாபி சூட்

பஞ்சாபி சூட் ஆபிஸுக்குத் தாராளமாகப் பொருந்தும், மலாய்ப் பெண்களின் பாஜு கூரோங் உடை போலவே. ஜிகினாவும் மணியும் வைத்தது மட்டும் பொருந்தாது. நாற்காலியில் சாயும்போது உங்களுக்கே குத்தும், மீட்டிங்கில் மேசையில் உரசிச் சத்தம் போடும். அப்புறம் அந்த ஷால். சக்கர நாற்காலியில் சிக்கி, எழுந்திருக்கும்போது கழுத்தை இழுத்த கதை எங்கள் மாடியில் நடந்திருக்கிறது. ஒரு தோளில் மடித்துப் பின் குத்துங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஸ்டேஷனில் இருந்தே ஹீல்ஸ்

கால்வாய் மூடியிருக்கும் இரும்புச் சட்டத்தின் இடுக்கில் மெல்லிய குதிகால் நேராக இறங்கும். நாலு மணி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். நல்ல ஜோடியை மேசைக்கு அடியில் வையுங்கள், நடக்க வேறொன்று.

கையில்லாத மேல்சட்டை

உங்கள் ஆபிஸில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வேலை விஷயமாகத் திடீரென்று அரசு அலுவலகத்துக்குப் போகச் சொன்னால்தான் சிக்கல். பல இடங்களில் எதைப் போடக்கூடாது என்று வாசலிலேயே படத்தோடு பலகை இருக்கும். வியாழக்கிழமை போனால் கவுண்டரில் இருப்பவர்கள் பாத்திக் உடையில் இருப்பார்கள், நீங்கள் மட்டும் வெறும் தோளோடு நிற்பீர்கள்.

வெள்ளைக் காற்சட்டை

மழை, கோப்பி, மீ கோரெங். வேண்டாம்.

பொட்டை எடுத்துவிட்டு வருவது

யாரோ சொன்னார்களாம், ‘புரொபஷனலா’ இருக்காதாம். துடோங் (தலைத்துணி) அணிந்தவரும் சிலுவைச் சங்கிலி போட்டவரும் பக்கத்து மேசையில் இருக்கும் ஆபிஸில் உங்கள் பொட்டு மட்டும் யாரை உறுத்துகிறது? வைத்துக்கொண்டு வாருங்கள். கண்ணாடி வளையலைக் குறைத்தால் போதும், கீபோர்டில் தட்டும்.

வெள்ளிக்கிழமை ஜீன்ஸ்

கேட்டுவிட்டுப் போடுங்கள். கருநீலம் என்றால் இன்னும் நல்லது.