பழைய ரயில் பெட்டியா? பெயின்ட் டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

பழைய பெட்டி கைக்கு வந்ததும் எல்லோருக்கும் பெயின்ட் அடிக்கத்தான் கை பரபரக்கும். பொறுங்கள், முதல் எதிரி தண்ணீர்.

மரப் பெட்டிகளின் கூரை பெரும்பாலும் பலகை மேல் கித்தானை இழுத்து ஒட்டிப் பெயின்ட் பூசியது. அதில் விரல் அளவு கிழிசல் இருந்தாலும் போதும், தண்ணீர் அங்கேயே சொட்டாமல் பலகைக்கு அடியில் ஓடி, நாலடி தள்ளி ஏதோ ஒரு தூணின் காலில் போய்த் தங்கும். அதனால் கறைக்கு நேர் மேலே மட்டும் தேடாதீர்கள்.

அப்புறம் கதவுகள். இறக்கி ஏற்றும் ஜன்னல் உள்ள கதவில், கண்ணாடியில் வழியும் மழை கதவின் வயிற்றுக்குள் இறங்கி அடியில் உள்ள சின்ன ஓட்டை வழியாக வெளியேற வேண்டும். அந்த ஓட்டை எப்போதும் அடைத்துத்தான் இருக்கும். கம்பியை விட்டுக் குத்துங்கள். கறுப்பாகச் சேறு கொட்டினால், ஸ்க்ரூடிரைவரால் கதவின் அடிக்கட்டையை அழுத்திப் பாருங்கள். பஞ்சு மாதிரி உள்வாங்கினால் கட்டை மக்கிவிட்டது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

கொட்டகை இருந்தால் நல்லது, பக்கவாட்டில் திறந்திருந்தாலும் சரி. தார்ப்பாயை உடம்போடு ஒட்டி இறுக்கிக் கட்டுவதைவிட மோசமான யோசனை இல்லை, இரவு குளிர்ந்ததும் உள்ளே வேர்த்துவிடும். சட்டம் கட்டி, கூரைக்கும் பாய்க்கும் இடைவெளி விட்டு, இரு முனைகளிலும் காற்று போக வழி விடுங்கள்.

நிறுத்தும்போது கைப்பிரேக்கோடு சக்கரத்துக்கு முட்டுக்கட்டையும் கொடுங்கள், காற்று பிரேக்கும் வாக்குவம் பிரேக்கும் நாளாவட்டத்தில் தளர்ந்துவிடும். பேட்டரியைக் கழற்றுங்கள், தண்ணீர்த் தொட்டியை வடித்துவிடுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை சக்கரம் கொஞ்சமாவது உருளும்படி பெட்டியை நகர்த்துங்கள், இல்லாவிட்டால் பேரிங் ஒரே இடத்தில் அழுந்தி அரிக்கும். நகர்த்தும் முன், அச்சின் முனையில் பேரிங்கை மூடியிருக்கும் அச்சுப் பெட்டிக்குள் எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: 1950கள், 60களில் செய்த பெட்டிகள் பலவற்றின் சுவருக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். சோதிக்காமல் எதையும் பிரிக்கவோ உலர்வாகத் தேய்க்கவோ வேண்டாம்.

இதெல்லாம் முடிந்த பிறகு பெயின்டுக்கு வரலாம். அப்போதும் உள்ளங்கை அளவு இடத்தில் அடுக்கு அடுக்காக ஈரத்தோடு தேய்த்து, தெரியும் ஒவ்வொரு நிறத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு அப்புறம் தூரிகையை எடுங்கள்.