விண்கப்பலுக்கு ஒரு நடைப்பிணம்: மான்ஸ்டர் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்கப்பல்களில் நடக்கும் ஸ்பெல்ஜாமர் என்ற மேசைக் கற்பனை ஆட்டத்துக்குச் சொந்தமாக ஒரு அன்டெட் (செத்தும் நடமாடும்) மான்ஸ்டர் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். விதிப் புத்தகத்தில் இருக்கும் ஜாம்பியை எடுத்து, ஹிட் பாயிண்டை (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்ணை) ஏற்றி, பறக்கும் வேகம் கொடுத்து, பெயருக்கு முன்னால் ‘விண்’ என்று சேர்த்துவிடுவார்கள். ஆட்டத்தில் அது வந்து நின்றால் சுடுகாட்டில் நடந்த அதே சண்டைதான் மறுபடியும் நடக்கும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தில் 1989இல் வந்து, 2022இல் ஐந்தாம் பதிப்புக்குத் திரும்பிய இந்த உலகத்துக்குக் காற்று, ஈர்ப்பு, வெயில் எல்லாவற்றுக்கும் தனி விதி உண்டு. மான்ஸ்டர் அந்த விதிகளிலிருந்து முளைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

முதலில் காற்று. ‘மூச்சுவிடத் தேவையில்லை’ என்ற வரியை ஸ்டாட் பிளாக்கின் (மான்ஸ்டரின் எண்களும் சக்திகளும் உள்ள பட்டியலின்) கடைசியில் எழுதிவிட்டு மறந்துபோவது பெரிய தவறு. விண்வெளியில் அன்டெட்டின் முழு பலமும் அந்த வரியில்தான் இருக்கிறது. 2022 விதிகளின்படி கப்பலைச் சுற்றியிருக்கும் காற்று 120 நாள் நன்றாக இருக்கும், அடுத்த 120 நாள் கெட்டுப்போயிருக்கும், அதற்குப் பிறகு உயிரையே வாங்கும். கெட்ட காற்றைச் சுவாசிப்பவர்கள் விஷம் தாக்கிய நிலையில் இருப்பார்கள். அதாவது ஒவ்வொரு தாக்குதலுக்கும் இரண்டு டைஸ் உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். ஜாம்பிக்கும் எலும்புக்கூட்டுக்கும் அந்த நிலை ஒட்டாது. சாதாரண ஜாம்பிகள் பத்து பேரைக் கெட்ட காற்றுள்ள கப்பலில் ஏற விட்டுப் பாருங்கள். ஒரு எண்ணைக்கூட ஏற்றாமலே சண்டை கடுமையாகிவிடும்.

இதே விஷயத்தின் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. பிணங்கள் மட்டும் ஓட்டும் கப்பல் என்றாலே மூச்சடைக்கும் நாற்றமும் கெட்ட காற்றுமாக வர்ணித்துவிடுகிறோம். யோசித்துப் பாருங்கள், அந்தக் கப்பலில் காற்றைச் செலவழிக்க ஆளே இல்லை. நூறு வருடம் மிதந்தாலும் அதன் காற்று புதிதாகவே இருக்க நியாயம் உண்டு. புத்தகத்தின் 120 நாள் கணக்கு மூச்சுவிடும் ஆட்களை வைத்துப் போட்டது என்று ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டால் போதும். காற்று தீர்ந்துகொண்டிருக்கும் ஆட்டக்காரர்களுக்கு எதிரே தெரிகிற ஒரே நல்ல காற்று பிணக்கப்பலில்தான் இருக்கிறது. ஏறித்தான் ஆக வேண்டும். இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அடுத்தது ஈர்ப்பு. மான்ஸ்டரை எப்போதும் மேல்தளத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துகிறோம். ஸ்பெல்ஜாமர் கப்பலின் ஈர்ப்புத் தளம் நடுவே கிடையாக ஓடுகிறது, இரண்டு பக்கமும் இழுக்கிறது. கப்பலின் அடிவயிற்றில் தலைகீழாக நின்று நடக்கலாம். மூச்சும் தூக்கமும் சாப்பாடும் தேவைப்படாத ஒன்று அங்கே மாதக்கணக்கில் நிற்கும். மேலே மாலுமிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பலகைக்கு அடியிலிருந்து காலடிச் சத்தம் கேட்கட்டும். மேலே ஒருவர் நடந்தால் கீழே அதுவும் நடக்கிறது, அவர் நின்றால் நிற்கிறது. இதற்குப் பறக்கும் வேகம் எதற்கு?

தெய்வ சக்தியால் அன்டெட்டை விரட்டும் பூசாரிப் பாத்திரமான கிளெரிக்கை மறந்துவிட்டு எழுதுவது இன்னொரு தவறு. ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் அவருடைய விரட்டும் சக்தி, 30 அடிக்குள் அவரைப் பார்க்கவோ கேட்கவோ முடிகிற அன்டெட்டை மட்டுமே பிடிக்கும். தப்பியோட வழியிருந்தால் அது ஓடும். கப்பலில் எங்கே ஓடும்? விளிம்பைத் தாண்டிக் குதிக்கும். விழுந்தது செத்துப்போகாது, ஈர்ப்புத் தளத்தின் மட்டத்தில் மிதந்துகொண்டிருக்கும். ஒரு நிமிடம் கழிந்ததும் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். இதை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள், இல்லாவிட்டால் ஆட்டத்தின் நடுவே வாக்குவாதம் வரும். கிளெரிக் ஐந்தாம் லெவலைத் தொட்டதும், அதே சக்தியில் தோற்கும் சின்ன அன்டெட்டுகள் ஓடாமல் அங்கேயே அழிந்துபோகும். சாலஞ்ச் ரேட்டிங் (மான்ஸ்டரின் பலத்தைக் காட்டும் எண்) அரை வரை இருந்தால் அந்தக் கதிதான். உங்கள் ஜாம்பிப் படை கால் ரேட்டிங்கில் இருந்தால் ஒரே சுற்றில் காலி. படையை மட்டும் நம்பி ஒரு இரவு ஆட்டத்தைத் திட்டமிடாதீர்கள்.

வெயில் பற்றிச் சுருக்கமாக. ரெய்த், வைட் போன்ற அன்டெட்டுகள் வெயிலில் தடுமாறும். வாம்பயர் வெயிலில் தன் முறையைத் தொடங்கினால் 20 ரேடியண்ட் (ஒளிச்) சேதம் வாங்கும். விண்வெளியில் இரவு கிடையாது, கப்பலின் நிழல்தான் இரவு. அப்படியானால் கப்பலைத் திருப்புகிறவர்தான் அந்தச் சண்டையில் பெரிய வீரர். அதற்கு இடம் கொடுங்கள்.

பிறப்புக் கதையிலும் விதி மீறல் நிறைய நடக்கிறது. உலகங்களுக்கு இடையே விரியும் ஆஸ்ட்ரல் கடலில் வழிதவறிப் பட்டினியால் செத்த மாலுமிகள் கூல் (பிணம் தின்னும் அன்டெட்) ஆனார்கள் என்று எழுதுவார்கள். ஆஸ்ட்ரல் கடலில் பசியும் கிடையாது, தாகமும் கிடையாது, வயதும் ஏறாது. பட்டினிச் சாவு வேண்டுமென்றால் கப்பல் வைல்ட்ஸ்பேஸில் (ஒரு சூரியனையும் அதன் கிரகங்களையும் சுற்றியுள்ள வெளியில்) சிக்கியிருக்க வேண்டும். பழைய பதிப்பில் அந்தக் கடலுக்குப் பதிலாக இருந்த ஃப்ளோஜிஸ்டன் இன்னும் வித்தியாசமானது. அங்கே காற்று தீர்ந்தால் ஆள் சாவதில்லை, அசைவற்று உறைந்து கிடப்பார். மூச்சுத்திணறிச் செத்த ஆவி அங்கே எப்படி வரும்? உறைந்து கிடந்தவரைச் செத்தவர் என்று நினைத்து யாரோ மந்திரம் போட்டு எழுப்பியது என்றால், அது தனிக் கதை. எழுதத் தகுந்த கதை.

தொற்றிப் பரவும் மான்ஸ்டரில் தடை வைக்காமல் விடுவது ஆட்டத்தையே முடித்துவிடும். நிழல் வடிவ அன்டெட்டான ஷேடோ ஒரு அடிக்கு 1டி4 (நாலு பக்க டைஸ் ஒன்றை உருட்டி வரும் எண்) வலிமையை உறிஞ்சுகிறது. அதனால் செத்தவரின் நிழல், அவர் தீயவராக இல்லாவிட்டால், 1டி4 மணி நேரத்தில் புதிய ஷேடோவாக எழுகிறது. ஊரில் என்றால் ஓடித் தப்பிக்கலாம். இருபது மாலுமிகள் உள்ள கப்பலில் ஓட இடமில்லை, விடிவதற்குள் கப்பல் முழுக்க நிழல்தான். எத்தனை எழலாம், எதனால் நிற்கும் என்பதை ஸ்டாட் பிளாக்கிலேயே எழுதிவிடுங்கள். தொற்று வந்தவர் வெயில் படும் பக்கத்தில் கிடந்தால் எழமாட்டார் என்று வைத்தால் மாலுமிகளுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

அப்புறம், எல்லா அன்டெட்டும் புத்தியில்லாமல் கடிக்க வர வேண்டும் என்பதில்லை. ஸ்டார்ஃபைண்டர் என்ற இன்னொரு விண்வெளி ஆட்டத்தில் இயோக்ஸ் என்று ஒரு கிரகமே அன்டெட்டுகளின் நாடு. போன் சேஜ்கள் என்ற அன்டெட் மந்திரவாதிகள் ஆள்கிறார்கள், பாக்ட் வேர்ல்ட்ஸ் என்ற கிரகங்களின் கூட்டமைப்பில் அதுவும் ஓர் உறுப்பினர். அதை ஏற்காமல் பிரிந்துபோன கார்ப்ஸ் ஃப்ளீட் என்ற கப்பற்படை எதிரியாக அலைகிறது. உங்கள் பிணக்கப்பலின் கேப்டனும் பேரம் பேசட்டும். காற்று அவர் பக்கம் இருக்கிறது, அதற்கு விலையாக அவர் என்ன கேட்பார் என்பதை முதலில் எழுதிவிட்டு, ஹிட் பாயிண்ட்டைப் பிறகு போடுங்கள்.