லண்டனுக்கு வந்த கையோடு ஜிபி பதிவு

வீடு, வேலை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று ஓடும்போது ஜிபி (குடும்ப டாக்டர்) பதிவைத்தான் முதலில் தள்ளிப்போடுவோம். காய்ச்சல் வரட்டும் என்று இருக்காதீர்கள். இங்கிலாந்தில் பதிவதற்குப் பாஸ்போர்ட்டோ விலாசச் சான்றோ கட்டாயமில்லை. ஆனாலும் கேட்பார்கள், என்னை ஒருமுறை திருப்பியே அனுப்பினார்கள். விதி தெரியாமல் நானும் திரும்பி வந்தேன்.

படிவத்தில் இனம் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு இங்குள்ள வெள்ளையர்களைவிட 2 முதல் 4 மடங்கு. அதனால் நமக்கு அளவுகோலே வேறு. 170 செ.மீ. உயரம், 70 கிலோ எடை என்றால் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 24. மற்றவர்களுக்கு 25 வரை பயமில்லை; நமக்கு 23இலேயே கவனம் வேண்டும். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் டாக்டரின் கணினிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? 40 வயதுக்குமேல்தான் பொதுப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். நாம் 25 வயதிலிருந்தே நீரிழிவு வரும் வாய்ப்பைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் இலவசம், அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே "தமிழ்" என்று சொல்லிவையுங்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டாம். என் அம்மா "தலைச்சுத்து" என்றதை என் மகன் தலைவலி என்று சொல்லிவிட்டான். பனடோலோடு வீட்டுக்கு வந்தோம். பிறகுதான் பிரஷர் என்று தெரிந்தது.

கோயில் மண்டபத்தில் மருத்துவ முகாம் வைத்தால் தவறவிடாதீர்கள். 2021இல் லண்டன் நீஸ்டன் சுவாமிநாராயண் கோயிலிலேயே கொரோனாத் தடுப்பூசி போட்டார்கள்; டாக்டரிடம் போகத் தயங்குகிறவர்கள்கூடக் கோயிலுக்கு வருவார்கள் அல்லவா? நான் போன முகாமில் ஒரு அன்ரி ஒரு கையில் பாயாசத்தோடு மறுகை விரலைச் சர்க்கரை பார்க்கக் குத்தக் கொடுத்துக்கொண்டு நின்றார். குடித்துவிட்டுக் குத்தினால் கணக்கு ஏறும், அதற்குமுன் குத்துங்கள். வந்த சர்க்கரை அளவை எழுதி வாங்கி ஜிபியிடம் காட்டுங்கள். முகாமோடு விட்டால் பயனில்லை.

கொஞ்சம் ஊன்றியதும் உங்கள் ஜிபியின் நோயாளர் குழுவில் சேருங்கள்; அங்கே நோயாளர்களே கருத்துச் சொல்லலாம். 2015 முதல் இங்கிலாந்தில் ஒவ்வொரு ஜிபியிலும் அப்படி ஒரு குழு இருக்கவேண்டும் என்பது ஒப்பந்த விதி. எங்கள் குழுவில் முதல்நாள் நீரிழிவுக்காரருக்கான சாப்பாட்டுத் தாளைக் காட்டினார்கள். உருளைக்கிழங்கு இருந்தது, பாண் இருந்தது, புட்டும் இடியப்பமும் இல்லை. "எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடே அதுதான்" என்றேன். அடுத்த கூட்டத்துக்கு புட்டு அவிக்கும் ஒரு நீத்துப்பெட்டியையும் எடுத்துப்போனேன், ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று காட்ட.