மேடைப் பேச்சில் கையும் காலும்

பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு நடுவராகச் சென்றவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழகியிருக்கும். ‘வானம்’ என்றதும் கை மேலே போகும். ‘நான்’ என்றதும் மார்பைத் தொடும். ‘உலகம்’ என்றதும் இரு கைகளும் வட்டம் போடும். சொல்லுக்குச் சொல் கை ஓடிக்கொண்டே இருப்பதால், பேச்சில் எது முக்கியம் என்பது அவையோருக்குப் பிடிபடுவதில்லை. குழந்தைகளைக் குறை சொல்வதற்கில்லை. சொல்லிக்கொடுத்ததை அவர்கள் ஒப்பிக்கிறார்கள். வளர்ந்த பிறகு இதே கூச்சம் வேறு உருவம் எடுத்து, போடியத்தின் விளிம்பை இறுகப் பற்றிக்கொள்வதாகவோ, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சுட்டுவிரலை ஆட்டுவதாகவோ மாறிவிடுகிறது.

பிறவியிலேயே பார்வையற்றவர்களும் பேசும்போது கையை அசைக்கிறார்கள் என்பதை 1998-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. யாரையும் பார்த்துக் கற்றுக்கொள்ளாமலே வருவது அது. ஆகவே மேடைக்கென்று புதிய அசைவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இயல்பாக வருவதை வரவிட்டு, வேண்டாததைக் கழிப்பதே பயிற்சி. எதைக் கழிப்பது என்பதற்கு, முதல் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை கற்பித்த குவிண்டிலியன் பழைய ஆசிரியர்களின் விதி ஒன்றை எடுத்துச் சொல்கிறார்: கருத்து தொடங்கும்போது கை எழ வேண்டும், கருத்து முடியும்போது கை இறங்க வேண்டும்.

இறங்குவதற்கு ஓர் இடம் வேண்டும் அல்லவா? முதலில் அதை முடிவு செய்துகொள்ளுங்கள். இரு கைகளும் பக்கவாட்டில் தளர்ந்து தொங்கலாம், அல்லது வயிற்றுக்கு நேராக ஒன்றை ஒன்று மெல்லத் தொட்டபடி இருக்கலாம். கைகட்டி நிற்பது நம்மிடையே பெரியவர்கள் முன் காட்டும் பணிவுக்கு அடையாளம். மேடையில் அது பாடம் ஒப்பிக்கும் மாணவனைத்தான் நினைவூட்டும்.

அடுத்து, எழுதிய உரையில் கைக்கு வேலை உள்ள இடங்களைத் தேடுங்கள். வைகையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவதாக வைத்துக்கொள்வோம். ‘வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, மதுரையைக் கடந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நோக்கிப் போகிறது’ என்ற வாக்கியத்தில் திசை இருக்கிறது, நீளம் இருக்கிறது. கை அதை வரையலாம். வைகை மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. வரைபடத்தில் மேற்கு இடப்பக்கம் என்றே அவையோர் மனத்தில் பதிந்திருக்கும். அவர்களுடைய இடப்பக்கம் எதிரே நிற்கும் உங்களுக்கு வலப்பக்கம். எனவே உங்கள் வலக்கை வலப்புறத்தில் தொடங்கி இடப்புறம் நகர வேண்டும். ‘அன்று, இன்று’ என்று காலத்தைக் காட்டும்போதும் இதே முறைதான். மேடையில் பழகியவர்களும் இதில் தவறுவதுண்டு. ‘1959-இல் கட்டி முடித்த வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி’ என்ற வாக்கியத்துக்குக் கை தேவையில்லை. 71 அடியை எந்தக் கையும் காட்டிவிட முடியாது. எண்ணுக்கு முன் சிறிது நிறுத்தினால் போதும். ‘இன்று ஆற்றில் மணல்கூட இல்லை’ என்னும்போது, ஆறு வரைந்த அதே கையை விரித்துச் சற்று நேரம் அப்படியே வைத்திருங்கள். ஐந்து நிமிட உரைக்கு இத்தகைய நான்கைந்து இடங்களே போதும் என்பது என் கணிப்பு.

அசைவு சொல்லோடு சேர்ந்தோ, அதற்கு இமைப்பொழுது முன்னதாகவோ வர வேண்டும். சொல் முடிந்த பின் எழும் கை, மறந்துபோய் நினைவுவந்த கையாகத் தெரிந்துவிடும். நாட்டியத்தில் கை போகும் இடத்துக்கு ஆடுபவரின் கண்ணும் போகும். பேச்சில் கையைப் பின்தொடர வேண்டியது அவையோரின் கண்தான். உங்கள் பார்வை அவர்கள் மீதே இருக்கட்டும்.

அவையை நோக்கிச் சுட்டுவிரல் நீட்டுவது கண்டிப்பதுபோல் இருக்கும். உள்ளங்கை மேல்நோக்கியிருக்க விரல்களைச் சேர்த்து நீட்டினால் அழைப்பதுபோல் இருக்கும். மேடையில் அமர்ந்திருக்கும் தலைவரையோ பெரியவர்களையோ குறிப்பிடும்போது இடக்கையைத் தவிர்ப்பது நல்லது. முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. போடியத்துக்குப் பின்னால் நிற்பவர்களின் இடுப்பளவு அசைவு எதுவும் வெளியே தெரியாது என்பதால், மார்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் கையைப் பயன்படுத்த வேண்டும். கையில் பிடிக்கும் மைக் என்றால் அதை இடக்கையில் பிடித்து, வலக்கையைப் பேச்சுக்கு விட்டுவிடுங்கள்.

காலைப் பொறுத்தவரை சட்டம் சிறியது: கருத்து திரும்பும் இடத்தில் நடங்கள், கருத்தைச் சொல்லும்போது நில்லுங்கள். வைகையின் பழைய வளத்தைச் சொல்லி முடித்து இன்றைய வறட்சிக்கு வரும்போது இரண்டு மூன்று அடி எடுத்து வைத்தால், பேச்சின் அடுத்த பகுதி தொடங்குகிறது என்று அவைக்குச் சொல்லாமலே தெரியும். அங்கும் இங்கும் ஓயாமல் உலாவுவது இதற்கு நேர்மாறான விளைவைத் தரும். நிற்கும் மைக்கின் முன் நடக்கவே கூடாது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இருமடங்கானால் மைக்கை எட்டும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். ஓர் அடி நகர்ந்தாலே கடைசி வரிசைக்குப் பாதிச் சொற்கள் போய்ச் சேராது. அங்கே இடுப்புக்கு மேல் சற்றே திரும்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒத்திகையைக் கைபேசியில் படம்பிடித்து, முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதும், கண்ணாடியைத் தொடுவது, துண்டைச் சரிசெய்வது போன்ற பழக்கங்களும் அப்போதுதான் கண்ணில் படும். ஒரு முறைக்கு ஒரு பழக்கத்தை மட்டும் திருத்துங்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தப் போனால் பேச்சே மறந்துவிடும். நிகழ்ச்சியன்று அரை மணி நேரம் முன்னதாகச் சென்று, மேடையில் ஒரு முறை நடந்து பார்த்து, மைக் கம்பி எங்கே ஓடுகிறது, விரிப்பின் ஓரம் எங்கே தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.