புறாத்தீவில் மீன் பார்க்கப் போகிறவர்களுக்கு

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு முதன்முறை போனபோது, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி முகக்கண்ணாடியின் வாரை இழுத்துக்கொண்டிருந்தேன். படகுக்கார அண்ணை கரையிலிருந்து சத்தம் போட்டார்: “தம்பி, நிற்காதீர்கள், படுங்கள்!” எனக்கு விளங்கவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. என் காலடியில் மான்கொம்பு போலக் கிளைவிட்ட முருகைக்கல் (பவளப்பாறை) ஒன்று முறிந்து கிடந்தது. கல் என்று பெயர் இருந்தாலும் அது உயிர். உருண்டை வகை முருகைக்கல் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். பூசணிக்காய் அளவில் ஒன்றைக் கண்டால் அதற்கு உங்கள் மகனைவிட வயது அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படகுக்காரர் சொன்ன “படுங்கள்” என்ற அந்த ஒற்றைச் சொல்தான் ஸ்நோர்க்கலிங்கின், அதாவது முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்ப்பதன், முக்கால் பங்கு. தண்ணீரின்மேல் படுக்கத் தெரிந்தவருக்குக் கடல் தன்னைக் காட்டும். நின்று தத்தளிப்பவருக்குக் கலங்கிய மணல்தான் மிச்சம்.

புறாத்தீவு, ஊரார் வாயில் புறாமலை, திருகோணமலை நகருக்கு வடக்கே நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. பெரியது ஒன்று, சிறியது ஒன்று என இரண்டு பாறைத் திட்டுகள். பெரிய தீவின் நீளமே ஏறத்தாழ 200 மீற்றர்தான். பாறை இடுக்குகளில் வாழும் மாடப்புறாக்களால் வந்த பெயர். 1963இல் சரணாலயமாக்கப்பட்டு, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நூறளவு முருகை இனங்களும் முந்நூறளவு மீனினங்களும் இங்கே பதிவாகியுள்ளன. 2004 ஆழிப்பேரலை கரையில் செய்த அழிவோடு ஒப்பிட்டால் இங்குள்ள முருகைக்கற்களுக்குப் பெரிய சேதமில்லை. 2009இல் போர் முடிந்த பின்னர் கூட்டங்கூட்டமாக வந்திறங்கிய கால்கள்தான் அதைவிட மோசம். அவற்றில் இரண்டு என்னுடையவை.

எப்போது போவது

சித்திரை பிறந்ததும் கிழக்குக் கடல் அடங்கத் தொடங்கும். மே முதல் செப்டெம்பர் வரை கண்ணாடித் தண்ணீர். கனடாவிலும் ஐரோப்பாவிலும் பள்ளி விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் இதற்குள் அடங்குவது புலம்பெயர்ந்த நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். ஐப்பசியில் வாடைக்காற்று எழுந்து மழையும் சேர்ந்துவிட்டால் கடல் பொங்கும், தண்ணீரும் கலங்கும். நத்தார் (கிறிஸ்துமஸ்) விடுமுறைக்கு வருகிறவர்கள் நிலாவெளியில் ஸ்நோர்க்கலிங்கை எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் காலத்தில் அமைதியாக இருப்பது தென்மேற்குக் கரை. முருகைக் கடலுக்கென்று பெயர்பெற்ற இன்னொரு தேசியப் பூங்காவான ஹிக்கடுவை அங்கேதான் உள்ளது.

நல்ல பருவத்திலும் காலைதான் நேரம். கோடையில் கச்சான் என்று ஒரு காற்று உண்டு (வறுத்துச் சுருளில் கட்டித் தரும் கச்சான் கடலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). அது மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையில் நிற்பவருக்கு அலையில்லாத கடல்போலத் தோன்றும். மிதந்துகொண்டிருப்பவரை அது ஓசையில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிக் கரையில் ஒரு பாறையை அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வார இறுதியையும் போயா (பௌர்ணமி) விடுமுறையையும் தவிருங்கள். அந்த நாட்களில் மீனைவிட மனிதர்கள் அதிகம்.

புறப்படுமுன்

பயிற்சியை நிலாவெளியில் தொடங்கக் கூடாது. நீங்கள் வாழும் நகரத்தின் நீச்சல் குளத்தில் தொடங்குங்கள். குழாயை வாயில் கடித்து, முகத்தை அமிழ்த்தி, வாயால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு அசையாமல் கிடப்பதற்கு மூன்று நான்கு நாட்களில் பழகிவிடலாம். இதைச் செய்யாமல் வருகிறவர்களே முதல் வாய் உப்புநீரில் பதறி, முருகைமேல் காலை ஊன்றுகிறார்கள். நீச்சல் தெரியாதவர் உயிர்காப்பு அங்கி இல்லாமல் இறங்கவே வேண்டாம். தெரிந்தவரும் போட்டுக்கொள்வதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

முகக்கண்ணாடியை வெளிநாட்டிலேயே வாங்கி வாருங்கள். கடற்கரையில் வாடகைக்குக் கிடைப்பவை பலர் முகம் பார்த்துத் தளர்ந்தவை. வாங்கும்போது வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்களுக்கு உரியது. மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்குப் பார்வை அளவோடு கூடிய முகக்கண்ணாடிகள் கிடைக்கின்றன. அது இல்லாமல் வந்தால் முந்நூறு மீனினமும் ஒரே வண்ணக் குழம்பு.

மீசைக்காரர்களுக்கு ஒரு துயரச் செய்தி. ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் இடையே மயிர் இருந்தால் நீர் கசியும். மூக்குக்குக் கீழே மேல்வரிசையை மட்டும் ஒரு கோடு மழித்தால் போதும், மீசை போய்விடாது. முழு முகத்தையும் மூடும் புதுவகைக் கண்ணாடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீர் புகுந்தால் அதைச் சட்டென்று கழற்ற வராது. தரம் குறைந்ததில் விட்ட மூச்சே திரும்பத் திரும்ப உள்ளே வரும்.

கறுத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையோடு முதல் நாள் இறங்கி, அன்றிரவு குப்புறப் படுத்துத் தூங்கியவன் நான். மிதக்கும்போது பின்கழுத்தும் முதுகும் கெண்டைக்காலும் மணிக்கணக்கில் வெயிலைப் பார்த்தபடி கிடக்கும். முழுக்கைச் சட்டை ஒன்றும் நீண்ட நீச்சல் காற்சட்டை ஒன்றும் எந்தக் களிம்பையும்விட மேல். ஒக்சிபென்சோன் என்ற இரசாயனம் கலந்த வெயில் களிம்புகள் முருகைக்கு ஆகாதவை என்று சொல்லி ஹவாயில் 2021 முதல் விற்பனைக்கே தடை போட்டிருக்கிறார்கள்.

டிக்கெட், படகு

நுழைவு டிக்கெட் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு, படகுக் கூலி வேறு. டிக்கெட்டிலும் தலைக்கு ஒரு தொகை, குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், வரி என்று அடுக்கு அடுக்காக வரும். ஆகவே “மொத்தமாக எவ்வளவு?” என்றே கேளுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு வெளிநாட்டவர் கட்டணம். நீங்கள் நிலாவெளி ஆசுபத்திரியில் பிறந்திருந்தாலும் அந்தச் சாளரத்தில் அது எடுபடாது. நானும் வாதாடிப் பார்த்தேன். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ மறக்காமல் எடுத்துப் போங்கள். விலை வித்தியாசம் பெரியது.

படகுக்காரரோடு திரும்பும் நேரத்தை ஏறுமுன்னரே பேசிவிடுங்கள். ஒரு மணி நேரம் போதவே போதாது. இறங்கும் இடம் மணலல்ல, உடைந்த முருகைத் துண்டுகள். வெறுங்காலோடு நடக்க முடியாது. தண்ணீரிலும் கழலாத ரப்பர் காலணி அவசியம். பொலித்தீன் பையும் உணவுப் பொதியும் வேண்டாம்.

தண்ணீருக்குள்

கண்ணாடியின் உட்புறம் எச்சில் துப்பித் தேய்த்து அலம்புங்கள், ஆவி படியாது. முழங்கால் ஆழத்திலேயே படுத்துவிடுங்கள். காலை அடிக்காமல் ஒரு நிமிடம் கிடந்தால் ஒளிந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

முதலில் கண்ணுக்கு முன் காதுதான் வேலை செய்யும். நறுக், நறுக் என்று யாரோ முறுக்குக் கடிப்பதுபோல ஒரு சத்தம். திரும்பினால் கிளிமீன். பச்சையும் நீலமும் ரோசாவும் கலந்த உடம்பு, கிளி அலகு போலவே பல். முருகைப் பாறையில் படர்ந்த பாசியைக் கல்லோடு சேர்த்துச் சுரண்டித் தின்னும். கொஞ்சம் பொறுத்திருந்து அதன் வால்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைத் தூளாக ஒரு புகை பிரிந்து கீழே படியும். தின்ற கல் மணலாகி வெளியே வருகிறது. வெப்பமண்டலத் தீவுகளில் நாம் பாய் விரித்துக் கிடக்கும் வெண்மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததே.

தலைக்கு நேர் முன்னே, நீர்ப்பரப்பை ஒட்டி ஊசிபோல அசையாமல் நிற்பவை முரல். அண்ணாந்து பார்க்காதவர்கள் கீழேயே பார்த்து இவற்றைத் தவறவிடுகிறார்கள். பாறை நிழலில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு கலவாய் கிடக்கும். மணல் திட்டில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தால் அது புதைந்து கிடக்கும் திருக்கை. வால் பக்கமாகப் போகாதீர்கள்.

சுறாவைப் பார்க்கத்தான் பலரும் வருகிறார்கள். செட்டை நுனிகளில் மை தொட்டதுபோலக் கறுப்பு இருக்கும் இந்தச் சுறா ஒன்றரை மீற்றர் அளவுக்கு வளரும். ஆழமற்ற தண்ணீரில் திரியும், கூச்ச சுபாவி. அது உங்களைக் கண்டு ஒதுங்கும் வேகத்தில் உங்களுக்கு அதன்மேல் பரிதாபமே வரும். ஆட்கள் கலக்குமுன், காலை முதற்படகில் வந்தவர்களுக்கே வாய்ப்பு அதிகம். அன்று எந்தப் பக்கம் திரிகிறது என்று படகுக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஆமை வந்தால் எண்ணிக்கொண்டு மூச்சு விடுங்கள், துரத்த வேண்டாம். மூச்செடுக்க மேலே வரும் ஆமையை நாலு பேர் வளைத்தால் அது மூச்செடுக்காமலே மறுபடி ஆழத்துக்கு ஓடும். பேராமையின் ஓடு வழுவழுப்பாக இருக்கும். அழுங்காமையின் ஓட்டில் சில்லுகள் வீட்டுக்கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அழுங்கு என்ற விலங்கின் செதிலைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் புரியும். வாயும் பருந்தின் அலகுபோலக் கூர்ந்திருக்கும்.

ஒன்றிரண்டு எச்சரிக்கைகள். பெரிய கிளாத்தி மீன் தன் முட்டைக் குழியைக் காக்கும் காலத்தில் கடிக்க வரும். அது தனதென்று நினைக்கும் எல்லை புனல்போல மேலே போகப் போக விரியும். ஆகவே மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். பாறை இடுக்கில் கைவிடாதீர்கள். நீண்ட கரிய முள்ளோடு கடல் முள்ளெலியும், வேறு பலவும் அங்கே குடியிருக்கும். முருகை கீறினால் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவித் துகள்களை அகற்றி மருந்து போடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் காலில் பட்ட சிறு கீறலையும் அலட்சியம் செய்யக் கூடாது. தனியாக இறங்குவது யாருக்கும் கூடாது. குழாயோடு மூழ்குபவர் கத்த மாட்டார்.

கரையில் கிடக்கும் வெள்ளை முருகைத் துண்டு அழகுதான். அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமான நிலையம் போகாதீர்கள். தேசியப் பூங்காவிலிருந்து அதை எடுப்பதே குற்றம். முருகைக்கற்களை எல்லை கடத்துவதற்கு உலக அளவிலும் கட்டுப்பாடு உண்டு.

தண்ணீரில் இறங்கவே மாட்டேன் என்று சபதம் எடுத்து வரும் மாமிமாருக்கும் வழி இருக்கிறது. எங்கள் மாமியை முழங்கால் ஆழத்தில், முருகை இல்லாத மணலில் உட்காரவைத்து, கண்ணாடியை மட்டும் மாட்டி, முகத்தை அமிழ்த்தச் சொன்னோம். இரண்டு முறை திமிறினார். மூன்றாவது முறை முகத்தை எடுக்கவே இல்லை. முதுகைத் தட்டிப் பார்க்கலாமா என்று நாங்கள் யோசித்தபோது நிமிர்ந்தார்.

“இது ஒரா மீன் அல்லவா? இருபது முப்பது நிற்கிறது!”

யாழ்ப்பாணத்தில் நாற்பது ஆண்டுகள் ஒரா வாங்கி, அதன் முள் குத்திக் கடுக்கக் கடுக்க வெட்டிச் சொதி வைத்தவர். உயிரோடு, பாசி மேய்ந்துகொண்டு, கூட்டமாகத் திரும்புவதை அன்றுதான் கண்டார். மறுபடி முகத்தை அமிழ்த்துமுன் படகுக்காரர் பக்கம் திரும்பிக் கேட்டார்: “தம்பி, இந்த அளவு ஒரா இங்கே கிலோ என்ன விலை?”