பழைய ரோல்ஸ் ராய்ஸ் வாங்கியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தில் குளிர் விட்டு, கிளாசிக் கார் சந்திப்புகள் தொடங்கியதும் புதிதாக ஒரு சில்வர் ஷேடோவோ அதன் உடன்பிறப்பான பென்ட்லி டி வரிசைக் காரோ வாங்கியவர்கள் வந்து பேசுவார்கள். பானெட்டைத் திறந்து காட்டுவார்கள். இந்தக் கார்களோடு பழகத் தொடங்கிய காலத்தில் எங்களில் பலர் செய்த அதே காரியங்களை இவர்களும் செய்துகொண்டிருப்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும். அன்றைக்கை விட இன்றைக்கு அதற்கான செலவு மிக அதிகம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆயில் மாற்றுங்கள், துரு பாருங்கள், பதிவுப் பத்திரத்தைச் சரிபாருங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. எந்தப் பழைய காருக்கும் பொருந்துகிற அந்த விஷயங்கள் உங்களுக்கே தெரியும். க்ரூ நகரத் தொழிற்சாலையில் பிறந்த இந்த வண்டிகளுக்கே உரிய, பணத்தைக் கரைக்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

## இருப்பதிலேயே மலிவானதை வாங்குவது

சில்வர் ஷேடோ 1965 முதல் 1980 வரை வந்தது. 25,000-க்கு மேல் செய்தார்கள். ரோல்ஸ் ராய்ஸில் அதற்கு முன் எந்த மாடலும் அவ்வளவு எண்ணிக்கையில் வந்ததில்லை. அதனால் இன்றும் ஒரு சாதாரணப் புதுக் காரின் விலைக்குக் கீழே ஒன்று கிடைக்கும். காரின் விலை இறங்கியதே தவிர, பாகங்களின் விலையும் வேலைக்கூலியும் இறங்கவே இல்லை. மலிவாக வாங்கியவர் மிச்சம் பிடித்த பணத்தைப்போல இரண்டு மடங்கை முதல் இரண்டு ஆண்டுகளில் ஒர்க்‌ஷாப்பில் கட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விற்பவரிடம் முதலில் பில்களைக் கேளுங்கள். பிரேக் ஹோஸ்கள் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன? பிரேக்குக்கான அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டர்களைப் பிரித்துச் சரிசெய்தது எந்த ஆண்டு? இதற்கு எழுத்தில் பதில் இல்லையென்றால் அந்த வேலை நடக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். நார்தாம்ப்டன்ஷரில் பாலர்ஸ்பரி என்ற ஊரில், ஹன்ட் ஹவுஸ் என்ற இடத்தில் ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் மன்றம் இருக்கிறது. 1957-ல் தொடங்கியது. சேஸி எண்ணைக் கொடுத்தால் உங்கள் காரின் தொழிற்சாலைப் பதிவின் நகலை அங்கே கட்டணம் கட்டி வாங்கலாம். எந்த நிறத்தில் வெளியே வந்தது, யாருக்கு விற்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். விற்பவர் சொல்லும் கதையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

## ஹைட்ராலிக்கில் கையில் கிடைத்ததை ஊற்றுவது

இதை நீளமாகவே எழுதுகிறேன். எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் எனக்கு எரிச்சல் தீராதது இதில்தான். பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைப் படித்தாலே தவிர்த்துவிடலாம் என்பதுதான் காரணம்.

வண்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஷேடோவுக்காக ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் சிட்ரோயனிடம் உரிமம் வாங்கி, உயர் அழுத்த ஹைட்ராலிக் அமைப்பு ஒன்றைப் பொருத்தியது. வி8 எஞ்சினின் நடுப் பள்ளத்தில் இரண்டு சிறு பம்புகள் உட்கார்ந்திருக்கும். கேம்ஷாஃப்ட் சுழலச் சுழல அவை ஃப்ளூயிடை இரண்டு அக்யூமுலேட்டர்களுக்குத் தள்ளும். அக்யூமுலேட்டரின் உருண்டைக்குள் ஒரு ரப்பர் சவ்வு. அதற்கு ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் ஃப்ளூயிட். உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2,500 பவுண்டு அளவுக்கு ஏறும். பிரேக் பிடிப்பதும், பின்சீட்டில் ஆள் ஏறினாலும் காரின் பின்புறம் தாழாமல் நிற்பதும் அந்த அழுத்தத்தால்தான்.

சாதாரண காரில் பிரேக்குக்கு உதவும் சர்வோ போனால் பெடல் கெட்டியாகும், ஆனாலும் பலமாக மிதித்தால் வண்டி நின்றுவிடும். பிற்கால ஷேடோவிலும் அதற்குப் பின் வந்த சில்வர் ஸ்பிரிட்டிலும் அழுத்தம் இல்லையென்றால் கால் பிரேக்கே இல்லை. அதற்காகத்தான் தனித்தனியாக இரண்டு ஹைட்ராலிக் சுற்றுகள், டாஷ்போர்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு விளக்கு.

ஷேடோவுக்கும் டி வரிசைக்கும் உரிய ஃப்ளூயிடின் பெயர் ஆர்ஆர்363. அது பிரேக் ஃப்ளூயிட் இனம்தான், ஆனால் பம்புகள் தேயாமல் இருக்க வழுக்கும் தன்மை சேர்த்தது. 1980-ல் சில்வர் ஸ்பிரிட் வந்தபோது தொழிற்சாலை மினரல் ஆயிலுக்கு மாறியது. பானெட்டுக்குள் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சீல்களின் ரப்பர்தான் வேறு. ஷேடோவில் மினரல் ஆயில் ஊற்றினால் ரப்பர் ஊதிப் பாழாகும். ஸ்பிரிட்டில் பிரேக் ஃப்ளூயிட் ஊற்றினாலும் அதே கதிதான்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் எண்பதுகளின் நடுவில் செய்த ஸ்பிரிட் ஒன்றை வாங்கினார். பிள்ளையைப்போல வைத்திருந்தார். எம்ஓடி என்கிற ஆண்டுத் தகுதிச் சோதனைக்கு முன்னால் சர்வீஸ் செய்யலாம் என்று வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் விட்டார். அங்கே வேலை செய்த பையன் ரிசர்வாயரில் அளவு குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறான். நல்லது செய்வதாக நினைத்து டாட் 4 பிரேக் ஃப்ளூயிடை அரை பாட்டில் ஊற்றி நிரப்பிவிட்டான். மினரல் ஆயில் மட்டும் என்ற எச்சரிக்கை அவன் கண் முன்னாலேயே இருந்தது.

அன்றைக்கு வண்டி நன்றாகத்தான் ஓடியது. இந்தத் தவறின் கொடுமையே அதுதான், உடனே எதுவும் காட்டாது. சில வாரம் கழித்துப் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது. அப்புறம் பின்புறம் மெல்ல இறங்க ஆரம்பித்தது. அப்புறம் சிவப்பு விளக்கு. என்னிடம் வந்தபோது ரிசர்வாயரிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைத்தோம். கீழே ஒரு அடுக்கு, மேலே பச்சையாக ஒரு அடுக்கு. இரண்டும் கலக்காது.

பழையதை வடித்துப் புதிதை ஊற்றினால் போதுமா என்று கேட்டார். போதாது. பம்புகள், அக்யூமுலேட்டர்கள், வால்வுகள், காலிப்பர்கள், உயரம் சமன் செய்யும் ராம்கள், எல்லா ஹோஸ்கள் என்று ரப்பர் இருக்கும் இடமெல்லாம் பிரித்தாக வேண்டும். ஆயிரக்கணக்கான பவுண்டு. கார் வாங்கிய விலையில் பெரும்பகுதி அதிலேயே போனது. கராஜ்காரர் பொறுப்பேற்கவில்லை. 'பிரேக்குக்கு பிரேக் ஃப்ளூயிட்தானே ஊற்றினோம்' என்றார். அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? ரிசர்வாயர் மூடியில் பெரிய எழுத்தில் ஒரு அட்டை கட்டுங்கள். சரியான ஃப்ளூயிடை சீல் உடைக்காத பாட்டிலில் எப்போதும் டிக்கியில் வையுங்கள். எந்தக் கராஜில் விட்டாலும், யாரும் எதையும் ஊற்றக்கூடாது என்று வாயாலும் சொல்லுங்கள், வேலைச் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஊற்றுவதற்கு முன் அதைத் தேடுங்கள். தவறானது ஊற்றப்பட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்தால் எஞ்சினைத் தொடாதீர்கள், பெடலையும் மிதிக்காதீர்கள். பம்புகள் அதை உள்ளே இழுப்பதற்கு முன் ரிசர்வாயரைக் காலி செய்து சுத்தம் செய்துவிட்டால் பெரிய சேதத்திலிருந்து தப்ப வாய்ப்புண்டு. அதற்குத் தெரிந்த ஆளிடம் வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

சரியான ஃப்ளூயிடை ஊற்றிவிட்டு மறந்துவிடுவது இதே தவறின் இன்னொரு முகம். ஆர்ஆர்363 காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் வால்வுகளை அரிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுவதும் மாற்றுங்கள். ஹோஸ்கள் வெளியே புதிதாகத் தெரிந்தாலும் உட்புறம் வீங்கி வழியை அடைத்திருக்கும். அப்போதும் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும், அதைக் காலிப்பர் கோளாறு என்று நினைத்துப் பணத்தை வீணாக்குவார்கள்.

வாங்கும்போதே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினைச் சில நிமிடம் ஓட விடுங்கள், சிவப்பு விளக்குகள் இரண்டும் அணைந்திருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சாவியை மறுபடி இக்னிஷனில் வைத்து, பிரேக்கை முழுதாக மிதித்து விட்டு மிதித்து விட்டு எண்ணுங்கள். நல்ல நிலையில் இருந்தால் நெடுநேரம் மிதித்த பிறகே விளக்கு எரியும். 10-க்குள் எரிந்தால் அந்தச் சுற்றின் அக்யூமுலேட்டர் ஓய்ந்துவிட்டது. ஒன்று சீக்கிரமும் மற்றது தாமதமாகவும் எரிந்தால் பழுது எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும்.

நீங்களே இந்த வேலையைச் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒன்று: அக்யூமுலேட்டரின் பிளீட் திருகைத் திறந்து அழுத்தத்தை முழுவதும் இறக்காமல் எந்தக் குழாயையும் கழற்றாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் ஃப்ளூயிட் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

## போர்வை போட்டு மூடி வைப்பது

குறைந்த மைல் ஓடிய காரை எல்லோரும் தேடுகிறார்கள். எனக்கு ஒழுங்காக ஓடிய கார்தான் வேண்டும். நின்றே கிடந்த வண்டியில் காலிப்பர்கள் இறுகியிருக்கும், வால்வுகள் ஒட்டியிருக்கும், கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். வாரம் ஒருமுறை ஷெட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது அதைவிடக் கெடுதல். எஞ்சின் சூடாகாமல் ஆயிலில் ஈரம் சேரும். பிரேக்கும் கியர்பாக்ஸும் அசைவதே இல்லை. மாதம் ஒருமுறை 20 மைல் ஓட்டுங்கள். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். நல்ல மழை பெய்து உப்பைக் கழுவிய பிறகு, சாலை காய்ந்த நாளைப் பார்த்து எடுங்கள். நீண்ட நாள் நிறுத்தினால் கைப்பிரேக்கை விட்டுவிட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

## டயரில் ட்ரெட் இருக்கிறதே என்று ஓட்டுவது

பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் டயர் செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

## கூலண்டை மறந்துவிடுவது

இந்த வி8 எஞ்சினின் பிளாக் அலுமினியம், உள்ளே சிலிண்டர் லைனர்கள் வார்ப்பிரும்பு. லைனரைச் சுற்றி நேரடியாகக் கூலண்ட் ஓடும். இரண்டு உலோகங்கள் ஒரே நீரில் இருப்பதால் அரிப்பைத் தடுக்கும் ஆன்டிஃப்ரீஸ் கோடையிலும் வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றி ஒப்பேற்றினால் உள்ளே வண்டல் சேர்ந்து பின் சிலிண்டர்கள் சூடேறும்.

பிளாக்கின் பக்கவாட்டில் சிறு துளைகள் இருக்கும். லைனர் சீல் கசிந்தால் அது அந்தத் துளை வழியாக வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே வைத்தவை. விற்பதற்கு முன் அவற்றை அடைத்து வைத்திருந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். டார்ச் அடித்துப் பாருங்கள். துளை அடைபட்டிருந்தால் அந்தக் காரை வாங்காதீர்கள்.

## புதிதாக அடித்த கறுப்பு அண்டர்சீல்

துருவைத் தடுக்கக் காரின் அடியில் பூசுவது இது. அதன் கீழே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்காதீர்கள்.

## எந்தப் பெட்ரோல் என்று பார்க்காமல் போடுவது

2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோல் ஈ10 ஆகிவிட்டது, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர்க் குழாய்களை அது கெடுக்கும். சூடான எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் கசிந்தால் வண்டி எரிந்து போகும். ஈ5 இன்னும் சூப்பர் பெட்ரோலாகக் கிடைக்கிறது, அதையே போடுங்கள். பெட்ரோல் குழாய்களையும் எத்தனால் தாங்கும் ஆர்9 ரகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

## லெதருக்கும் மரத்துக்கும் முதலில் செலவழிப்பது

சீட் அழகாகத் தெரிகிறது, விருந்தினர் மெச்சுவார்கள், அதனால் பணம் அங்கே போகிறது. பிரேக் ஹோஸ்களை யாரும் பார்ப்பதில்லை. முதல் ஆண்டுப் பணம் முழுவதும் காருக்கு அடியில் போகட்டும். வெடித்த வார்னிஷ் காத்திருக்கும்.

## எம்ஓடி தேவையில்லை என்று விட்டுவிடுவது

40 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. ஆனாலும் பாதுகாப்பான நிலையில் வைத்திருப்பது உங்கள் சட்டப் பொறுப்புதான். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி இது. ஆண்டுக்கு ஒருமுறை வேறொருவர் கண்ணும் அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கட்டும். நான் என் காரை ஒவ்வோர் ஆண்டும் கொண்டுபோகிறேன்.

சாலை வரி விலக்கும் தானாக வந்துவிடாது. பதிவுப் பத்திரத்தோடு விண்ணப்பித்து 'ஹிஸ்டாரிக்' வகுப்புக்கு மாற்ற வேண்டும். புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டன் வாங்கும் யூலெஸ் கட்டணத்திலிருந்து விலக்கும் அந்த வகுப்பைச் சார்ந்தது. வரி பூஜ்யம் என்றாலும் ஆண்டுதோறும் புதுப்பித்தே ஆக வேண்டும்.

## சில்வர் கிளவுடை ஷேடோ என்று நினைத்து ஓட்டுவது

ஷேடோவுக்கு முந்தைய கிளவுடில் டிரம் பிரேக். அதன் சர்வோ கியர்பாக்ஸால் சுழற்றப்படுவது, ஹிஸ்பானோ சூய்சா வழிவந்த ஏற்பாடு. வண்டி நகர்ந்தால்தான் அது உதவும். வேகத்தில் அருமையாகப் பிடிக்கும். பார்க்கிங்கில் ஊர்ந்து போகும்போது உதவி ஒரு கணம் தாமதமாக வரும், அதற்குள் முன்னால் நிற்கும் கார் மேல் ஏறிவிடும். வாங்கியவுடன் காலியான இடத்தில், முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டிப் பழகுங்கள்.

## காப்பீட்டைச் சந்தை விலைக்குப் போடுவது

காப்பீட்டு நிறுவனத்தோடு முன்பே பேசி ஒப்புக்கொண்ட மதிப்புக்கு மட்டும் போடுங்கள். படங்களும் பில்களும் சேர்த்து அனுப்பி, அந்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். பெரிய வேலை எதையாவது முடித்த பிறகு மதிப்பைத் திருத்தச் சொல்ல மறக்காதீர்கள்.